கண்ணெடுக்காத பத்ரிநாத்

குளியலறைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டுதான் பத்ரிநாத் குளிக்கிறார். வெளியே அவர் மனைவி ஹம்சவேணி போனை ஏந்தியபடி நிற்க வேண்டும். உள்ளிருந்து, சோப்பு நுரையோடு, நிமிஷத்துக்கொரு கேள்வி வரும்: "பச்சையா, செவப்பா?" பச்சை என்றால் பங்கு ஏறுகிறது, சிவப்பு என்றால் இறங்குகிறது. வீட்டில் மற்றதெல்லாம் சௌராஷ்டிர மொழியில்தான் பேசிக்கொள்வார்கள். பங்குப் பேச்சுக்கு மட்டும் தமிழ்.

மதுரை கோரிப்பாளையத்தில் லைனிங் துணிக்கடை வைத்திருக்கிறார். காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறந்தால், மூன்றரைக்கு மூடும்வரை போனிலிருந்து கண்ணெடுக்க மாட்டார். "நான் பாக்குற வரைக்கும் நிக்கும் மாப்ள. கண்ண எடுத்தேன்னு வையி, சரசரன்னு எறங்கிரும்" என்பார் என்னிடம். மாம்பழ மஞ்சள் கேட்டு வந்த பெண்ணுக்கு எலுமிச்சை மஞ்சளைக் கிழித்துக் கொடுத்து அனுப்புகிறார்.

அவர் பங்கு வாங்கியிருக்கும் கம்பெனி என்னதான் தயாரிக்கிறது என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"அது எதுக்கு நமக்கு? நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எண்ணூறு பேரு அதத்தான் வாங்குறாங்க. அம்புட்டு பேருமா கிறுக்குப்பயலுக?"

பதில் வாய்வரை வந்தது. பக்கத்து வீட்டில் காலம் தள்ள வேண்டுமே என்று விழுங்கினேன். கம்பெனி நஷ்ட அறிக்கை வெளியிட்டபோது எண்ணூறில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, விலையும் அசையவில்லை. பிறகு எவனோ கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு, "விடாதீங்க!" என்று வீடியோவில் கத்தினான். நாலே நாளில் விலை ஒன்றரை மடங்கு. சந்தைக்கு எல்லாம் தெரியும் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சந்தை என்பதே பத்ரிநாத்கள்தானே, சாமி!

போட்டிருப்பது அறுபதாயிரம். ஹம்சவேணியின் கண்புரை ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம். "சாதா லென்சு எதுக்கு? இன்னும் கொஞ்சம் ஏறட்டும், ஒசத்தியாவே வச்சிருவோம்" என்று மூன்று முறை தேதியைத் தள்ளிவிட்டார். அந்த அம்மாள் இப்போது சுவரைத் தொட்டுத் தொட்டுத்தான் அடுப்படிக்குப் போகிறார்.

நேற்று நான் போயிருந்தபோதும் குளியல் நடந்துகொண்டிருந்தது. அம்மாள் போனை மூக்கருகே கொண்டுபோனார். "பச்சதாங்க." கொஞ்சம் கழித்து மறுபடியும், "பச்சதாங்க." எட்டிப் பார்த்தேன், திரை முழுக்கச் சிவப்பு.

துண்டோடு வெளியே வந்த பத்ரிநாத் போனைப் பார்த்து அலறினார். "செவப்பால்ல கெடக்கு! பச்சைன்னு சொன்னியே ஹம்சா?"

"எல்லாம் ஒரே மங்கலாத்தாங்க தெரியுது. பச்சைன்னா நிம்மதியா குளிப்பீங்களேன்னு..."

பத்ரிநாத் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு திரையின் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, போனை அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டு, வேட்டி மாற்ற உள்ளே போனார்.