தென்காசி ரத வீதியில் ஒன்றரை மணி நேரம்

கோவில்பட்டியிலிருந்து தென்காசி ஏறக்குறைய ஐம்பது மைல். அறுபத்திரண்டாம் வருஷம், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. விடியற்காலை ஐந்துக்கே லாரி தயார். ஆறுக்கு மேல்தான் நல்ல நேரம் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தவன் நான். என் பட்டறையின் புது மார்க் தீப்பெட்டி, முதல் சரக்கு. தென்காசிக் கடைகள் எடுத்துக்கொண்டால் பட்டறை நடக்கும். இல்லையென்றால் பெட்டி ஒட்டும் பதினெட்டுப் பெண்களையும் திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்று சொல்லவேண்டும். கிளம்பும்போது டிரைவருக்கு ஒரு பெட்டி கொடுத்தேன்.

காலை 10.20. கோயில் வாசல் வந்தது. ரத வீதிக்குள் லாரி போகாது. முனையில் தேர் நிற்கிறது, மிச்ச இடத்தில் மாட்டுவண்டி திரும்புவதே பெரும்பாடு. மாடசாமி என்பவரின் கைவண்டிக்குச் சரக்கை மாற்றினோம். கூலி இரண்டு ரூபாய். லாரி செங்கோட்டைக்குப் போய்விட்டது, தார்ப்பாயும் அதோடு போயிற்று. நல்ல வெயில் அடித்ததால் அதைக் கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை.

10.35. முதல் கடைக்காரர் எழுந்து வந்து கையைக் காட்டித் தடுத்தார்.

"ராகு காலம் தொடங்கிட்டுல்லா அண்ணாச்சி! புதுச் சரக்க இப்ப எறக்கப்பிடாது. பன்னெண்டு அடிக்கட்டும்."

"ஓரமா வாசல்லயாவது வச்சிக்கிடுதேன்."

"வாசலும் கடைதானய்யா."

அடுத்த ஏழு கடையிலும் இதே பதில். நல்ல நேரம் பார்த்துக் கிளம்பியவன் யாரை நோவது?

பதினொன்றுக்குச் சாரல் பிடித்தது. மாடசாமி தலைத்துண்டை அவிழ்த்து மூட்டைமேல் போர்த்தினார். நான் சட்டையைக் கழற்றிப் போட்டேன். எட்டுக் கடைக்காரர்களும் பாவமாகப் பார்த்தார்கள், ஒருவரும் வழிவிடவில்லை.

பன்னிரண்டு. முதல் கடைக்காரர் சொன்ன சொல் தவறாமல் தாமே வந்து பெட்டியைப் பிரித்தார். ஒரு குச்சியை உரசினார். மருந்து பிசுபிசுத்து உதிர்ந்தது. ஐந்து குச்சி பார்த்துவிட்டு, "மன்னிச்சிக்கிடுங்க அண்ணாச்சி" என்று பெட்டியை என் கையிலேயே வைத்தார்.

சீசன் கூட்டத்துக்கு அரை விலைக்காவது போகுமா என்று மூன்று மைல் தள்ளிக் குற்றாலம் போனோம். அருவிக்கரையில் கடை வைத்திருந்த ஆச்சி தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "குத்தாலத்துல ஈரத்துக்கா பஞ்சம்? நீரு வேற கொண்டாந்துட்டீரே!" பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது.

மாலை நாலு மணிக்கு லாரி தென்காசிக்குத் திரும்பி வந்தது. டிரைவர் மூட்டைகளை ஏற்றி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். சங்கரன்கோவில் தாண்டியதும் எங்கள் ஊர் வெயில். ஒரு சொட்டு ஈரமில்லாத மண். டிரைவர் காலையில் நான் கொடுத்த பெட்டியை எடுத்துப் பீடி பற்றவைத்தார்.

"நல்ல பெட்டி அண்ணாச்சி. ஒரே உரசுல பத்துது."

திங்கட்கிழமை அந்தப் பதினெட்டுப் பேரில் யாரிடம் முதலில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.