சுவருக்குள் சூசை சேர்த்தது

போன வாரம் என் படுக்கையறைச் சுவரை உடைத்தார்கள். திருடர்கள் இல்லை. வீட்டுக்காரர்தான் ஆள் வைத்து உடைத்தார். சுவருக்குள் அவர் பணம் இருந்தது.

புரியவில்லையா? குடிவந்த புதிதில் எனக்கும் புரியவில்லை. சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூரில் நான் இருக்கும் வீட்டில் இரண்டு போர்ஷன். ஒன்றில் நான். மற்றதில் வீட்டுக்காரர் சூசைநாதன், மனைவி ரோசலியம்மா, மகள் ஸ்டெல்லா. சூசைக்கு அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபிட்டர் வேலை. விடியற்காலை கம்பெனி பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். தங்கமான மனிதர். கையில் காசுதான் தங்காது.

தங்க வைக்க அவர் முயலாமல் இல்லை. மண் உண்டியல் வாங்கினார் — இருபதாம் தேதிக்குள் உடைத்தார். தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியை ரோசலியம்மாவிடம் கொடுத்தார். ஃபிட்டருக்குச் சாவி ஒரு பெரிய விஷயமா? மறுநாளே கம்பெனியில் அரத்தால் ராவி இன்னொன்று செய்துகொண்டு வந்துவிட்டார்.

"போஸ்ட் ஆபீஸில் போடலாமே, சூசை?" என்று ஒருநாள் கேட்டேன். வாராவாரம் இந்தப் பத்திரிகையில் சிக்கனம், சேமிப்பு என்று எழுதி உங்கள் கழுத்தை அறுக்கிறவன்... அடுத்த போர்ஷனை மட்டும் விட்டுவிடுவேனா?

"போட்டுப் பாத்தேன் சார். சரிப்படல."

"ஏன்?"

"போய்க் கேட்டா குடுத்துடறாங்க சார். எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கறதில்ல. கையெழுத்து சரியா கீதான்னு பாக்கறாங்க, எண்ணிக் குடுத்துடறாங்க. அவங்கள நம்பி எப்படி சார் பணத்தப் போடறது?"

போட்ட பணம் திரும்பி வராதோ என்று பயப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வந்துவிடுகிறதே என்று பயந்த முதல் ஆள் இவர்தான். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

அதனால்தான் சூசை, நான் குடிவருவதற்கு முன்பு வீடு கட்டியபோதே, மேஸ்திரி ஏழுமலையிடம் சொல்லி, சுவருக்குள் உண்டியல் வைத்துவிட்டிருந்தார். இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் உள்ள பொதுச் சுவர். உள்ளே ஒரு நீளமான பொந்து. மேலே, அவர் பக்கத்தில், ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுக்கு ஒரு வாய். கீழே கதவும் இல்லை, பூட்டும் இல்லை. நோட்டு என்றால் கரையான் தின்னும் என்பதால் காசு மட்டும்தான். ஸ்டெல்லா கல்யாணத்துக்குத்தான் சுவரை உடைப்பதாகத் திட்டம்.

"நானே வந்து இடிச்சாலும் ஒடையக் கூடாது மேஸ்திரி, அப்படிக் கட்டு" என்றாராம். கம்பி, சிமென்ட் எல்லாம் கேட்டதற்கு மேலேயே வாங்கிப் போட்டாராம். அந்தச் செலவுக்குக் கைமாற்று வாங்கினார் என்பது தனிக்கதை.

தினமும் வேலை விட்டு வந்ததும், சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு காசு. டிங்! என் பக்கமும் கேட்கும். அடுப்படியில் இருக்கும் ரோசலியம்மா கையில் இருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்.

ஸ்டெல்லா ஆறாவது படிக்கும்போது ஆரம்பித்த சத்தம். ஒருநாள் தவறியதில்லை — சம்பளத்துக்கு முந்தைய நாள்கூட! எனக்கே பொறாமையாக இருக்கும். பெயர் சொல்லாமல் அவரைப் பாராட்டி இதே பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன். ஞாபகம் இருந்தால் தயவுசெய்து மறந்துவிடுங்கள்.

ஸ்டெல்லா இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். காஞ்சிபுரத்தில் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்தது. ஃபீஸும் ஹாஸ்டல் பணமும் சனிக்கிழமைக்குள் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். தகவல் வந்தது புதன்கிழமை. வீட்டில் இருந்த கைப்பணம் பஸ் சார்ஜுக்குத்தான் காணும்.

"செவுத்த ஒடைச்சிடலாம்" என்றார் ரோசலியம்மா.

"அது கல்யாணத்துக்குப் போட்டது" என்றார் சூசை.

"மாப்ள வர்றப்ப வரட்டும். இந்த சீட்டு சனிக்கெழம பூடும்."

"வூடு வுழுந்துடுச்சின்னா?"

"மேஸ்திரியக் கூப்ட்டுக் கேளுங்க."

"நாளைக்கு வியாழக்கெழம. செவுரு இடிக்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க..."

"யாரு சொல்லுவாங்க? கோயில் ஃபாதரா?"

ஸ்டெல்லா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விசாரிக்கப் போயிருந்த என்னால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குச் சூசை மேல் நல்ல கோபம். மகள் படிப்பைவிடத் திட்டம் பெரிதா? இவ்வளவு கட்டுப்பாடு ஒரு மனிதனுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஏழுமலை மேஸ்திரி வந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"சூசைண்ணா, ஒன் பக்கம் கையே வெக்க முடியாது. நீ கேட்டா மாரியே கட்டிக்கீறேன். மேல உத்தரம் வேற இதுலதான் உக்காந்துகினு கீது."

"அப்ப வுட்டுடு" என்றார் சூசை. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

"சாரு பக்கம் ஒடைக்கலாமே. அங்க ஒத்தக் கல்லுதான். நாலு தட்டு தட்டினா வந்துடும்."

"ஒத்தக் கல்லா? இன்னா மேஸ்திரி இப்படிப் பண்ணிட்ட?"

"நீ ஒடைக்காத மாரி கட்டச் சொன்ன. வாடகைக்கு வர்றவங்களப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

யோசித்துப் பாருங்கள். இத்தனை வருஷமாக ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பும் என் தலையணையிலிருந்து ஒரு செங்கல் தூரத்தில். அதற்குக் காவலாக நான் படுத்திருந்திருக்கிறேன் — மாசாமாசம் வாடகையும் கொடுத்துக்கொண்டு! மனிதனுக்குத் தன்மேல் மட்டும் சந்தேகம் வந்தால் இப்படித்தான். ஊரில் பாக்கிப் பேர் எல்லோரும் யோக்கியர்களாகிவிடுகிறார்கள்.

கட்டிலை நகர்த்தினோம். மேஸ்திரி உளியை வைத்து நாலு தட்டு தட்டினார். செங்கல் பெயர்ந்தது. பொலபொலவென்று காசு கொட்டியது. ஸ்டெல்லா முந்தானையை விரித்துப் பிடித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

அடுத்த கைப்பிடி காசாக இல்லை. நடுவில் ஓட்டை இருந்தது.

வாஷர். ரூபாய்க் காசு அளவில், மஞ்சளாக, தடி தடியாக வாஷர். மேஸ்திரி இன்னும் இரண்டு கல்லை எடுத்தார். உள்ளே வரிசை தெளிவாகத் தெரிந்தது... கொஞ்சம் காசு, அதன்மேல் நிறைய வாஷர், மறுபடி கொஞ்சம் காசு, மறுபடி வாஷர். கம்பெனியில் சம்பளம் போடுகிற தேதி எது என்று அந்தச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ரோசலியம்மா ஒரு வாஷரை எடுத்தார்.

"இது இன்னா?"

"வாஷர்."

"எந்தக் கடையில செல்லும்?"

சூசை தலையைக் குனிந்துகொண்டார். "கையில இல்லாத நாளும் உண்டில்ல, ரோசி? டீ, பஜ்ஜின்னு பூடும். சத்தம் வரலன்னா நீ வருத்தப்படுவ. கம்பெனில கழிச்சிப் போட்டது அது, யாரு வேணா எடுத்துக்கலாம்... திருடல."

காசை எண்ணிப் பார்த்தால் தேவையில் பாதிகூட இல்லை. ஸ்டெல்லா என் கட்டில் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பாவம், அழக்கூட இல்லை.

"நல்ல பித்தள அது" என்றார் சூசை மெதுவாக. சமாதானத்துக்குச் சொன்னாரா, பெருமைக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. ரோசலியம்மா திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு கோணிப்பை கொண்டுவந்தார்.

கோணியின் ஒரு முனையைச் சூசை பிடித்தார், மறுமுனையை நான். பஜாரில் பழைய பித்தளை எடுக்கிற பாத்திரக்கடை. கடைக்காரர் எடை போட்டார். விலை சொன்னார். இரண்டாம் தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். சூசை முதல் வாஷரைப் போட்ட காலத்தில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது!

இதற்கு என்ன சொல்வீர்கள்? அவர் யோக்கியமாகப் போட்ட ரூபாய் உள்ளே சும்மா கிடந்து இளைத்தது. போட்ட புதிதில் அதற்கு ஒருவேளை டிபன் கிடைக்கும், இன்றைக்குக் காபி கிடைத்தால் பெரிசு. பெண்டாட்டியை ஏமாற்றப் போட்டது குட்டி போட்டிருக்கிறது. சும்மா கிடக்கும் பணம் தேயும், பொருள் விலை ஏறும் என்று நான் மூன்று வாரம் எழுதினேன்... இந்த வாஷர் அளவுக்கு எனக்கு விளக்க வரவில்லை.

அப்படியும் கொஞ்சம் குறைந்தது. இரண்டு மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் காஞ்சிபுரத்தில் பணம் கட்டியாகிவிட்டது. ஸ்டெல்லாவின் இடம் ஸ்டெல்லாவுக்கே.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரோசலியம்மா என்னிடம் சொன்னார்: "தெனம் அந்த சத்தம் கேக்கறப்ப மாதாவுக்கு நன்றி சொல்லுவேன் சார். பாதி நன்றி வாஷருக்குப் பூடுச்சி."

"அதுதானே இப்ப காப்பாத்துச்சி" என்று ஆரம்பித்தார் முன் சீட்டில் இருந்த சூசை. ரோசலியம்மா பார்த்த பார்வையில் பாக்கியை விழுங்கிவிட்டார்.

அவசரத்துக்கு எடுக்க முடியாத பணம் அடுத்த வீட்டுப் பணம் மாதிரிதான் — பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆத்திர அவசரத்துக்குக் கொஞ்சம் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். மிச்சத்தை நாலு இடத்தில் பிரித்து, வளர்கிற இடமாகப் பார்த்துப் போடுங்கள். ஆண்டவன் எல்லோருக்கும் பித்தளை கொடுக்க மாட்டான்.

சுவரை இரண்டு பக்கமும் பூசியாகிவிட்டது. இனிமேல் தினமும் அந்த ஒரு ரூபாய் ரோசலியம்மா கையில். நேற்று மாலை முதல் காசு. சூசை நீட்டினார். ரோசலியம்மா வாங்கினார். விளக்கு வெளிச்சத்தில் வைத்து, இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

சுவர் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.