ரொக்கெட் இறங்கிய ரீல்

முதல் ரீல் முடியவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. புரொஜெக்டரைச் சாக்கால் மூடி, நானும் ட்ரைவரும் வான் வண்டிக்குள் தூக்கிப் போட்டோம். முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு மீன்பிடிக் கிராமம். அறுபதுகளின் தொடக்கம். அரசாங்கப் பட வானில் எனக்கு இரண்டு வேலை: படம் ஓட்டுவது, ஆங்கில விளக்கத்தை மைக்கில் தமிழில் சொல்வது. இரண்டாவதில்தான் எனக்குப் பெருமை. மைக் கிடைத்தால் சும்மா விடுகிற ஆளா நான்!

அன்றைய படம், விண்வெளிக்கு முதன்முதல் போன மனிதரின் கதை. தச்சனின் மகன், வார்ப்புப் பட்டறையில் வேலை பழகியவர், பிறகு விமானி. ரொக்கெட் நெருப்புக் கக்கிக்கொண்டு மேலே போனதுவரைதான் சனம் பார்த்தது.

விடிய, வானைக் கழுவும்போது தங்கம்மா என்று ஓர் அம்மா வந்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளை இறங்கினவனோ?"

"ஓம் அம்மா, சுகமா இறங்கிட்டார்."

"வாயால எல்லாரும் சொல்லுவினம். நான் கண்ணால பாக்கவேணும். வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தியும் வைச்சிட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் மனதில் பட்டுவிட்டது. வவுனியாவுக்கு வந்து மேலதிகாரியிடம் கேட்டேன்.

"ஒரு ஊருக்கு ஒருக்கால்தான் படம், ஐசே. பெற்றோல் என்ன உம்மட வீட்டுக் கிணத்திலயோ ஊறுது?"

அரைப் படம் காட்டினால் எங்களுக்குத்தான் மானக்கேடு என்று நாள்தோறும் நச்சரித்தேன். "சரி, போய்த் துலையும்" என்றார்.

இரண்டாம் முறை

தங்கம்மா முன்னால் மணலில் இருந்தார். பரசூட், வயல்வெளி, ஓடிவரும் சனம், கடைசியில் மகனைக் கட்டிப்பிடிக்கும் தாய். "வந்திட்டான்! பெத்தவளிட்ட வந்து சேந்திட்டான்!" என்று மைக்கில் முழங்கினேன். தங்கம்மா எழும்பி நின்று கைதட்டினார். என் உத்தியோகத்தில் அப்படியொரு சந்தோசம் அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

சாமான் ஏற்றும்போது அவருடைய மகள் மலர் வந்தாள். அண்ணன் வள்ளத்தில் போய்க் காணாமற்போனவன், ஒரு வருசத்துக்கு மேல் என்றாள். உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் கடமை முடிக்க, தாய் அந்தக் கிழமைதான் சம்மதித்திருந்தாராம். அது முடிந்தால்தான் மலரின் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுத்திருந்தார்கள்.

"இப்ப மாட்டனெண்டு நிக்கிறா, அண்ணை. வானத்துக்குப் போனவனே வந்திட்டான், என்ர பிள்ளை கடலுக்குத்தானே போனவன் எண்டுறா."

தங்கம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அது வேற, இது வேற. அவர் எங்க நிக்கிறார் எண்டு தெரியும். தேடிப் போக ஆக்கள் இருந்தவை."

"நீங்கள்தானே தம்பி சொன்னனீங்கள், பெத்தவளிட்ட வந்து சேந்திட்டான் எண்டு?"

நல்லாய்ப் பேசுகிறவன் என்று பெயர் எடுத்த நான், மைக் வயரைச் சுருட்டிக்கொண்டு வானில் ஏறினேன்.

அடுத்த வருடம் மலேரியா நுளம்பு ஒழிப்புப் படத்தோடு அதே ஊருக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் வேறிடத்தில் கலியாணம் செய்துவிட்டார்கள். மலர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். ஏசியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சனம் ஒன்றைக் காட்டச் சொன்னால், ஏன் கேட்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். பெற்றோலுக்குச் சண்டை பிடித்த நான், அந்த அம்மாவிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. இன்றைக்கும் அது என்னை அரிக்கிறது.

அன்று நுளம்புப் படத்துக்குத் திரை கட்டி முடிய, தங்கம்மா முதல் ஆளாக வந்து மணலில் இருந்தார்.

"இண்டைக்கு ஆர் தம்பி திரும்பி வாறது?" என்று கேட்டார்.