கதவணைக்கு மேலே நின்ற எஞ்சின்

காவிரியின் நடுவில் படகின் டீசல் எஞ்சின் நின்றபோது நானும் அதில் ஒரு பயணி. எடப்பாடியில் டிராக்டர் மெக்கானிக்காக இருக்கிறேன். ஆற்றின் போக்கில் சற்றுக் கீழே, கதவணையில் மதகுகள் திறந்திருந்தன. தண்ணீர் படகை மெல்ல அந்தப் பக்கம் இழுத்தது.

“ஏனுங்க, கொஞ்சம் பாருங்களேன்,” என்றார் படகுக்காரர்.

டீசல் குழாயின் நுனி வெடித்துக் காற்று புகுந்திருந்தது. வெடித்த இடத்தை வெட்டிவிட்டு மாட்டினேன். குழாய் குட்டையாகி, கழன்றுகொண்டே இருந்தது. யாராவது அழுத்திப் பிடித்தால்தான் எஞ்சின் ஓடும். பக்கத்திலேயே சூடான சைலன்சர். காற்றை வெளியேற்றவே எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

முன்பின் தெரியாத ஒரு பெண் எழுந்து வந்தார். “நான் புடிக்கிறேனுங்க. நீங்க வேலையப் பாருங்க.”

எஞ்சின் பிடித்துக்கொண்டது. கரை சேரும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

இறங்கியதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்து நன்றி சொன்னார்கள். அவர் தனியாக, புறங்கையை ஆற்றில் நனைத்துக்கொண்டிருந்தார். தோல் கொப்பளித்திருந்தது.

“சொல்லியிருந்தா நான் மாத்திப் புடிச்சிருப்பனேங்க,” என்றேன்.

“மாத்தறப்ப நின்னு போச்சுன்னா என்னங்க பண்றது?”

இப்போதும் யாராவது என் வேலையைப் புகழ்ந்தால், அந்தப் பெண்ணைப் பற்றித்தான் சொல்லத் தோன்றுகிறது.