அப்பா பேசிய ஒரு வரி

சினிமாப் படிப்பின் இறுதியாண்டில் எங்களை நால்வர் நால்வராகப் பிரித்து, மூன்று நிமிடக் காட்சி ஒன்றைப் படமாக்கித் தொகுத்துத் தரச் சொன்னார்கள். என் குழுவில் மற்ற மூவரும் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த கன்னடப் பெண்கள். இயக்கம் ஒருத்தி, கேமரா ஒருத்தி, ஒலிப்பதிவு ஒருத்தி. எடிட்டிங் என் தலையில். நாங்கள் கர்நாடக எல்லையோரத் தமிழ் ஊரான மார்டள்ளியிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்கு மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஆபரேட்டர் வேலை. யாராவது கேட்டாலொழிய நான் தமிழ் என்று கல்லூரியில் சொன்னதில்லை. என் கன்னடம் அவ்வளவு சுத்தம். அதில் எனக்குத் திமிர்கூட உண்டு.

காட்சி எளியதுதான். நேர்முகத் தேர்வில் கோட்டைவிட்டு வரும் மகளுக்காக அப்பா பஸ் நிறுத்தத்தில் காத்திருக்கிறார். அவளைக் கண்டதும், ‘வேலை கிடக்கட்டும், முதலில் சாப்பிடு’ என்று கன்னடத்தில் ஒரு வரி சொல்கிறார். அப்பாவாக நடிக்க ஒப்புக்கொண்டவர் அன்று வரவில்லை. என்னை ஸ்கூட்டரில் இறக்கிவிட வந்த என் அப்பாவை இயக்குநர் பிடித்துக்கொண்டாள். “அதுக்கென்ன சாமி, பேசிப்போடலாம்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, சட்டையை நீவிக்கொண்டு போய் நின்றார். ஆறாவது டேக்கில் சரியாக வந்தது.

எடிட்டிங் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். ஒலிப்பதிவில் ஒரு குறையும் இல்லை. நடிப்பே இல்லாத குரல், தினமும் வீட்டில் என்னிடம் பேசுகிற அதே குரல். ஆனால் அந்தக் கன்னடம் முழுக்க எங்கள் ஊர்த் தமிழின் இழுவை. வகுப்பே சிரிக்கும் என்று பயந்தேன். தோழிகள் மூவரும் “இதுதான் அழகு, தொடாதே” என்றார்கள். நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். மதிப்பெண் போய்விடும் என்று ஏதேதோ பேசி, மேடை நாடகத்தில் நடிக்கும் ஒருவரைக் கூட்டிவந்து டப் செய்தேன். மதிப்பெண்ணாவது, மண்ணாங்கட்டியாவது. எனக்கு வெட்கம், அவ்வளவுதான்.

எங்கள் லேபில் ஒரு வழக்கம். படம் முடிந்த அன்றே மூலப் பதிவுகளை அழித்துவிட வேண்டும். அடுத்த குழுவுக்குக் கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமே. ஆறு டேக்கையும் நானே அழித்தேன். என் போனில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

திரையிடலுக்கு அப்பா லீவு போட்டுவிட்டு வந்தார். முன்னாலேயே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரையில் அவர் வாய் அசைந்தது, வேறு யாரோ பேசினார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவும் கொஞ்சம் தாமதமாகத் தட்டினார். பிறகு என் பக்கம் குனிந்து, “ஏஞ்சாமி, என்ர கொரலு பதியலையா?” என்றார்.

“மைக் கெட்டுப்போச்சுங்கப்பா.”

“அடடா” என்றார். “நான் இன்னும் சத்தமாப் பேசியிருக்கோணும்.”

அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் ஒலிப்பதிவு செய்த தோழி. அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மைக் என்றது விளங்கிவிட்டது. என்னை வெறித்துப் பார்த்தாள். அப்பாவோ, ஒலிப்பதிவு கெட்டுப்போனதில் பாவம் அந்தப் பெண் நொந்துபோயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். “பேஜார் மாட்கோபேடம்மா” என்று கன்னடத்தில் அவளைத் தேற்றினார், வருத்தப்படாதே என்று. நான் அழித்த அதே குரல், அதே இழுவை. பக்கத்து வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். “சாரி அங்கிள்” என்று செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இன்றைக்கும் போனில் அந்தப் படத்தைப் போட்டுக் காட்டுகிறார். முதலில் மைக் கெட்டுப்போன கதையைச் சொல்வார். அந்த வரி வரும் இடத்தில் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, திரையில் வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்துத் தானே பேசிக் காட்டுவார். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன். அங்கேயும் கேட்கும்.