பட்டியலில் வராத மூன்று வாரங்கள்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொலைபேசியின் முன் உட்கார்ந்தால், பட்டியல்காரர் எழுந்திருக்க மாலை நான்காகிவிடும். முப்பத்தாறு கேசட் கடைகளுக்குப் பேச வேண்டும். அந்த முப்பத்தாறு கடைக்காரர்களில் பொய் சொல்லத் தெரியாதவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவருக்குக் காது கேட்காது.

ஒரு வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அதிகம் விற்ற பத்து ஆல்பங்களின் பட்டியல் வரும். அதைத் தயாரிப்பதுதான் அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் அதையே செய்ததில், பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிஞ்சியது. மற்றபடி எல்லோருக்கும் அவர் பட்டியல்காரர். கோபம் வந்தால் மனைவிகூட, "என்ன பட்டியல்காரரே" என்றுதான் ஆரம்பிப்பாள்.

கடைக்காரரிடம் "என்ன விக்குது?" என்று கேட்கக் கூடாது என்பதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டார். அப்படிக் கேட்டால், விற்காமல் தூசி படிந்து கிடப்பதன் பெயரைத்தான் சொல்வார்கள். பட்டியலில் வந்தாலாவது போணியாகாதா என்ற நப்பாசை. ஆகவே இவர் வேறு மாதிரி கேட்பார். "எதைக் கேட்டு வந்தவங்களை இல்லைன்னு திருப்பி அனுப்புனீங்க?" இந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல அவர்களுக்கு வராது. கைநழுவிப் போன வியாபாரத்தை நினைத்து வயிறெரிந்து உண்மையைக் கொட்டிவிடுவார்கள். கம்பெனிக்காரர்கள் பரிசுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்ததும் உண்டு. வாசலோடு திருப்பி அனுப்பினார். பட்டியல்காரர் பொய் போட மாட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அவருக்கும்தான்.

பத்திரிகை அலுவலகத்தில் அவர் உட்கார்ந்து பேசிய அந்தச் சின்ன அறை இன்றைக்கும் அவர் கண்ணுக்குள் நிற்கிறது. ஒரு மேசை, சுருள் கம்பியோடு கருப்புத் தொலைபேசி, சுவரோரமாக ஆளுயரத்துக்குக் கேசட்டுகள். கடைக்காரர் பேசும்போது பின்னால் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர், "அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடுங்களேன்" என்று கேட்பது இவர் காதில் விழும். உடனே இவர் பேச்சை நிறுத்திவிட்டு, அந்த முகம் தெரியாத ஆள் வாங்குகிறாரா இல்லையா என்று காத்திருப்பார். வாங்கிவிட்டார் என்று தெரிந்தால் ஏதோ தானே பாடி விற்ற மாதிரி ஒரு சந்தோஷம். அதற்கெல்லாம் பத்திரிகை தனியாகச் சம்பளம் தரவில்லை.

அவருடைய தம்பி பாடுவான். வீட்டில் எல்லோரும் பாடுவார்கள், அது வேறு. தம்பி பாடினால் பக்கத்து வீட்டில் மிக்ஸியை நிறுத்துவார்கள். முப்பது வயதில், அலைந்து திரிந்து, ஒரு சின்னக் கம்பெனியைப் பிடித்து எட்டுப் பாட்டு கொண்ட ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்தான். கேசட் உறையில் அவன் படம் சற்றுக் கலங்கலாக விழுந்திருந்தது. அம்மா அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், துடைத்தால் தெளிந்துவிடும் என்பதுபோல.

முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வெள்ளிக்கிழமை எட்டாவது கடைக்காரர் தம்பியின் ஆல்பத்தைச் சொன்னார். அடுத்து பதினொன்றாவது கடை, பதினைந்தாவது கடை. நான்கு மணிக்குக் கூட்டிப் பார்த்தபோது ஏழாவது இடம். பட்டியல்காரர் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்தார். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு வந்து உட்கார்ந்து ஏழாவது இடத்தில் எட்டாவதை எழுதினார். எட்டில் ஒன்பது, ஒன்பதில் பத்து, பத்தில் பதினொன்று. தம்பியின் பெயர் எங்கும் இல்லை.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. தம்பி என்று எல்லோருக்கும் தெரியும். 'பார்த்தாயா, ஆளைப் பெரிய யோக்கியர் என்றார்களே, சொந்தத் தம்பி என்றதும் தூக்கிவிட்டார்' என்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? முதலிடத்துக்கு வரட்டும், அப்போது போடுவோம், முதலிடத்தில் இருப்பதை யாரும் குறை சொல்ல முடியாது என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். மூன்றாவது வாரம் நான்காவது இடம். நான்காவது வாரம் மூன்றாவது இடம். இரண்டையும் போடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். நேர்மையானவர் என்ற பெயரைக் காப்பாற்ற இப்படியொரு பொய் சொன்ன மனிதரை என்னவென்பது! எனக்கே அவர்மீது கோபம்தான்.

அந்தக் காலத்தில் ஒரு ஆல்பம் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பாட்டு பாதிக் காரணம், பட்டியல் மீதிக் காரணம். கடைக்காரர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்து, அதைப் பார்த்துத்தான் மறுபடி சரக்கு எடுப்பார்கள். பட்டியலில் இல்லாததை எதற்கு எடுப்பது? ஐந்தாவது வாரம் கடைகளில் தம்பியின் கேசட் தீர்ந்துபோனது. கேட்டு வந்த சிலரும் திரும்பிப் போனார்கள், பத்து இடத்துக்குள் வர அது போதவில்லை. ஏழாவது வாரம் கேட்பாரும் இல்லை. சரியாக வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தார் அண்ணன்.

கம்பெனி இரண்டாவது ஆல்பம் பற்றிப் பேசவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாராவாரம் கடைசிப் பக்கத்தில் தேடிய அம்மா, ஒருநாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "போதும்டா. யாரும் கேக்காத பாட்டை எத்தனை நாள் பாடுவே? ஒரு வேலைக்குப் போ." தம்பி பெயிண்ட் கடையில் சேர்ந்தான். வாடிக்கையாளர் கேட்கும் நிறத்தைக் கலந்து கொடுக்கும் வேலை. அதிலும் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தான். ஆனால் வீட்டில் மறுபடி பாடவே இல்லை.

பிறகு நடந்ததெல்லாம் நம் கண்முன்னால் நடந்ததுதான். கேசட் போய் சி.டி. வந்தது. சி.டி.யை ஆளுக்கு ஆள் வீட்டிலேயே நகலெடுத்தார்கள். அப்புறம் பாட்டை இறக்கிக்கொண்டார்கள், அப்புறம் இறக்குவதையும் விட்டுவிட்டு, வேண்டும்போது போனில் கேட்டுக்கொண்டார்கள். முப்பத்தாறு கடைகள் பதினாறாகி, ஆறாகி, கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்தபோது, "இப்போ நாங்க செருப்புக் கடை சார்" என்று பதில் வந்தது. அந்த மாதமே பத்திரிகை பட்டியலை நிறுத்தியது. பட்டியல்காரர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? போனில் எந்தப் பாட்டை எத்தனை பேர் கேட்டார்கள் என்று தினமும் பார்ப்பார். எண்கள் கோடிக்கணக்கில் ஓடும். அதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ரசிகர்கள் சத்தத்தை அடைத்துவிட்டு ஒரே பாட்டை நாள் முழுக்க ஓடவிடுகிறார்களாம். ஒரே ஆல்பத்தை ஒருவரே பத்து வாங்குகிறாராம், உள்ளே இருக்கும் பாடகரின் படத்துக்காக. "அப்போ கடைக்காரன் பொய் சொன்னான். இப்போ போனே பொய் சொல்லுது" என்பார். "உங்களுக்கு யாரையாவது சந்தேகப்படணும்" என்பாள் மனைவி.

இரண்டு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் தம்பியின் பழைய கேசட்டை இணையத்தில் ஏற்றினார். ஒரு வருடம் சீந்துவாரில்லை. பிறகு ஒரு பெண், மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுக்கும் சின்ன வீடியோ ஒன்றுக்கு அதன் நான்காவது பாட்டை ஓடவிட்டாள். பதினைந்து விநாடிதான். அதைப் பார்த்து ஆயிரம் பேர் அதே பாட்டுக்கு மாடியில் துணி எடுத்தார்கள். முப்பது வருடம் தூங்கிய பாட்டு மூன்றே வாரத்தில் எல்லார் போனிலும் பாடியது. பட்டியல்காரர் அந்த எண்ணை ஒரு நாளைக்கு இருபது முறை பார்த்தார். ஒவ்வொரு முறையும் சந்தோஷமும் குத்தலும் சேர்ந்தே வந்தன.

அடுத்து ஒரு இசைத்தட்டுக் கம்பெனி தம்பியைத் தேடி வந்தது. இப்போது பெரிய கருப்புத் தட்டுகளுக்கு மறுபடி மவுசு. வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம் அதைச் சுழலவிடக் கருவியே கிடையாது, சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள். கேட்பது போனில், வைத்துக்கொள்வது தட்டு. கம்பெனியில் இந்த வேலையைப் பார்த்த பெண் சுறுசுறுப்பானவள். உறையின் முகப்பில் போட ஒரு வரியும் யோசித்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்த உறையின் மாதிரியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, நகக்கண்ணில் இன்னும் நீல பெயிண்ட். உறையை மேசைமேல் விரித்தான். பெரிய எழுத்தில் இருந்தது: 'அன்று ஒருவர்கூட வாங்காத ஆல்பம்.'

"இந்த வரிக்காகவே எண்ணூறு பேர் முன்பதிவு செஞ்சிருக்காங்களாம்ணே. தோத்துப்போனதுன்னு சொன்னாத்தான் இப்போ விக்குமாம்" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நாளைக்குள்ள சரின்னு சொல்லணும். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. நீ கடைகள்ல பேசினவன். உனக்குத் தெரியாததா? நிஜமாவே ஒருத்தர்கூட வாங்கலையா?"

பட்டியல்காரர் உறையையே பார்த்தார். தலையாட்டிவிட்டால் போதும், தட்டு விற்கும், தம்பிக்கும் நல்லது, தன் பெயரும் பழுதில்லாமல் இருக்கும். உண்மையைச் சொன்னால் இந்த வயதில் தனக்கென்று இருக்கும் ஒரே சொத்து, அந்தப் பெயர், போய்விடும். தம்பியும் போய்விடலாம். சமையலறை வாசலில் மனைவி காபியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்குனாங்கடா" என்றார்.

"எத்தனை பேரு? பத்து, இருபது?"

"ஏழு, நாலு, மூணு."

"என்னண்ணே அது?"

"நீ இருந்த எடம். ரெண்டாவது வாரம் ஏழு. அப்புறம் நாலு. அப்புறம் மூணு. நான் போடலை. தம்பியைத் தூக்கி விட்டுட்டான்னு பேசுவாங்கன்னு பயந்து நான்தான்டா போடலை."

மனைவி காபியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். இத்தனை வருடத்தில் அவளுக்கும் அவர் இதைச் சொன்னதில்லை.

"மூணாவதா?" என்று தம்பி மெல்லக் கேட்டான். "அப்போ முதல் ரெண்டு யாரு?"

பட்டியல்காரர் சொன்னார். தம்பி புருவத்தைத் தூக்கினான். "அவங்களுக்கு அடுத்து நானா!" முகத்தில் ஒரு விநாடி அந்த முப்பது வயதுப் பையன் வந்துவிட்டுப் போனான். பிறகு முகம் சுருங்கியது. "அம்மா என்னைப் பார்த்து யாரும் கேக்காத பாட்டுன்னு சொன்னப்போ நீ பக்கத்துலதானே இருந்தே?"

"இருந்தேன்."

"அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்ணே."

பட்டியல்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் வெட்கமாக இருந்தது. அடிக்க வந்தால்கூடத் தேவலை என்று நினைத்தார். தம்பி போனை எடுத்தான். கம்பெனிப் பெண்ணை அழைத்து, மூன்று பேருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"அந்த வரி வேண்டாம்மா, எடுத்துடுங்க. ஆல்பம் வித்திருக்கு. மூணாவது எடம்."

"சார், அந்த வரியை எடுத்தா முன்பதிவு பாதியாயிடும்" என்றாள் அவள்.

"குறைஞ்சா குறையட்டும். வாங்கினவங்களை வாங்கலைன்னு சொல்றது பாவம்."

"ஆனா சார், அந்த வருஷத்துப் பத்திரிகை எல்லாத்தையும் நான் நூலகத்துல பார்த்துட்டுத்தான் எழுதினேன். ஒரு வாரம்கூட உங்க பேரு இல்லை. அந்தப் பட்டியல் தப்பாவே இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்களே!"

தம்பி அண்ணனைப் பார்த்தான். கடைகள் இல்லை, கடைக்காரர்களில் பாதிப் பேர் இல்லை, அன்று கிறுக்கிய துண்டுச்சீட்டுகளும் இல்லை. மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பட்டியல். பட்டியல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போனுக்கு அருகில் குனிந்தார்.

"அம்மா, அந்தப் பட்டியலைப் போட்டவன் பேசறேன். இவனோட அண்ணன். அதுல மூணு வாரம் பொய்ம்மா. நான் தெரிஞ்சேதான் போட்டேன். வேணும்னா என் பேரைப் போட்டு அதை அட்டையிலேயே எழுதிக்கோங்க."

"சரி சார், எழுதித் தாங்க, போட்டுடலாம்" என்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க நிறைய பழைய ஆல்பங்களை அந்தப் பட்டியலை வெச்சுத்தான் எடுக்கிறோம். அப்போ மத்த வாரமெல்லாம்?"

பட்டியல்காரர் வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருடம், முப்பத்தாறு கடைகள், வாசலோடு திருப்பி அனுப்பிய பொட்டலங்கள். எதைச் சொன்னாலும் இனி அது ஒரு பொய்யரின் வார்த்தை என்று அவருக்குத் தெரிந்தது.

தம்பி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். குரலில் கோபம் இன்னும் ஆறவில்லை.

"மத்ததெல்லாம் நிஜம்தாம்மா, நம்பலாம்" என்றான். "அவருக்குத் தம்பி நான் ஒருத்தன்தானே."