கம்பி பிடுங்கிய கிட்டார்

போன வருடம் மழைக்காலத்தில், ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுக்க வேண்டும், அதன் பிறகு குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் ஒரு பாட்டையாவது பதிந்து வைக்க நினைத்தேன்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அம்மா தானே கட்டிய தாலாட்டு அது. அதில் அவர் குரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாது, வழுக்கிக்கொண்டு போகும். கூட வாசிக்க நினைத்த என் கிட்டாரில் அது வராது. ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பிகள் ஒவ்வொரு சுரத்தையும் படிக்கட்டு மாதிரி தனித்தனியே நிறுத்திவிடும். நான் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவள். வரிசையாகச் செய்தேன்: கம்பிகளைச் சூடாக்கிப் பிடுங்கினேன், பள்ளங்களை அடைத்தேன், தேய்த்து வழுவழுப்பாக்கினேன், சுர இடங்களைப் பக்கவாட்டில் புள்ளி வைத்துக் குறித்தேன்.

“என்னாடி, பல்லு போன கெழவி மாதிரி ஆக்கி வச்சிருக்க?” என்று அம்மா சிரித்தார். சிரிப்பில் பாதி காற்றுதான்.

வழுக்கல் வந்தது. ஆனால் நைலோன் நரம்பை வெறும் விரல் சதையால் அழுத்தும்போது ஒலி சீக்கிரம் அடங்கிவிடுகிறது. அடுத்த சுரத்துக்குப் போய்ச் சேருமுன்னே செத்துப்போகும். மிச்சத்தை அம்மாவின் குரல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் ஃபோனில் பதிந்தோம். போட்டுக் கேட்டேன். கிட்டார் அடங்கிய இடத்திலெல்லாம் அம்மாவும் இழுப்பைப் பாதியில் விட்டிருந்தார்.

“ஏம்மா முழுசா இழுக்கல?”

“நீ நின்னுட்ட, நானும் நின்னுட்டேன். வாசிக்கிறவங்கள விட்டுட்டு நாம மட்டும் போறதா?”

வெள்ளிக்கிழமை கோயில் பஜனையில் அம்மாதான் முன்பாட்டு. ஆர்மோனியக்காரரை விட்டு அவர் ஒருநாளும் தனியே போனதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து வளர்ந்த எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

“கிட்டார் வேணாம்மா. நீ தனியாப் பாடு.”

அதற்குள் கூரைத் தகரத்தில் மழை கொட்டத் தொடங்கிவிட்டது.

“இந்தச் சத்தத்துல என்னா கேக்கும்? தொண்டையும் எரியுது. காலையில பாடுறேன் புள்ள.”

காலையில் வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டு, தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி வைத்த த்ரீவீல் ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

ஃப்ரெட் இல்லாத கிட்டார் நன்றாக வேலை செய்யுமா என்று கூட வாசிப்பவர்கள் இப்போதும் கேட்கிறார்கள். வழுக்கும், ஆனால் ஒலி நீடிக்காது என்கிறேன்.

சில நாட்களில் அம்மா அந்தப் பதிவைப் போடச் சொல்லிச் சைகை காட்டுவார். இழுப்பு அறுகிற ஒவ்வொரு இடத்திலும் அவர் கை மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே போய் இறங்கும். அந்த மிச்சம் எப்படி ஒலித்தது என்பது எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வருகிறது; கேட்டால் பாடிக் காட்ட இனி யாரும் இல்லை.